மாநகர சபை ஆள் டேப்போட வந்தா வீட்டை உடைச்சிடுவாரா?

வெள்ளவத்தையில ஏதாவது ஒரு லேன்ல மாநகர சபை ஆள் ஒருத்தர் மோட்டார் சைக்கிளை நிப்பாட்டிட்டு பைலோட இறங்கினா போதும், பின்னேரத்துக்குள்ள லேன் முழுக்க கதை பரவிடும். "அந்த வீட்டை உடைக்கப் போறாங்களாம்." "இல்ல, காசு வாங்க வந்தவராம்." "பக்கத்து வீட்டுக்காரர் பெட்டிசம் போட்டவராம்." வந்தவர் உண்மையில என்ன வேலைக்கு வந்தார், அவருக்கு என்ன அதிகாரம் இருக்கு, என்ன அதிகாரம் இல்ல எண்டு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது, ஆனா எல்லாரும் கதைப்பாங்க. நானும் அப்படித் தான் இருந்தன், சித்தப்பாட குசினிப் பிரச்சினை வரும் வரைக்கும். அதால தெரிஞ்சதை ஆரம்பத்தில இருந்து, சட்டப் படிப்பு இல்லாத ஆக்களுக்கும் விளங்குற மாதிரி எழுதுறன்.

அளவுச் சட்டை

தையல்காரரிட்ட புதுச் சட்டை தைக்கக் குடுக்கேக்க பழைய சட்டை ஒண்டையும் அளவுக்குக் குடுப்பம் தானே. தைச்சு வந்ததும் அம்மா ரெண்டையும் கட்டில்ல விரிச்சு ஒண்டுக்கு மேல ஒண்டு வைச்சுப் பார்ப்பா. கை நீளம் கூடியிருந்தா அந்த இடத்திலயே தெரிஞ்சிடும். துணி நல்லதா, நிறம் வடிவா எண்டதெல்லாம் அந்த நேரத்துக் கேள்வி இல்ல. அளவுச் சட்டையோட ஒத்துப் போகுதா இல்லையா, அவ்வளவு தான்.

வீட்டுக்கு அந்த அளவுச் சட்டை தான் பாஸ் பண்ணின பிளான். டேப்போட வாறவர் செய்றது அம்மா செய்ற வேலை. பேப்பர்ல என்ன இருக்கு, நிலத்தில என்ன நிக்குது, ரெண்டும் ஒண்டா எண்டு பார்க்கிறார். அளவுச் சட்டையே குடுக்காம தைச்சிருந்தா, அதாவது பிளானே பாஸ் பண்ணாம கட்டியிருந்தா, ஒத்துப் பார்க்க ஒண்டும் இல்ல, அது நேரா வேற கணக்குக்குப் போயிடும்.

இங்கிலாந்தில இதுக்கெண்டே தனிப் பதவி வைச்சு ஆள் போட்டிருக்காங்க. கொழும்பில இந்த வேலை பல கையில பிரிஞ்சு கிடக்கு. மாநகர சபையிட டெக்னிக்கல் ஒபிசர், இன்ஜினியர் ஒபிஸ் ஆக்கள், பத்தரமுல்ல செத்சிறிபாயவில இருக்கிற யூடிஏ எண்ட நகர அபிவிருத்தி அதிகார சபை ஆக்கள் எண்டு எல்லாருக்கும் இதில ஒரு துண்டு இருக்கு. சனம் எல்லாரையும் சேர்த்து "மாநகர சபை ஆள்" எண்டு சொல்லிடும். நானும் இங்க ஒபிசர் எண்டே எழுதுறன்.

அனுமதி எண்டா எது அனுமதி

அடிப்படைச் சட்டம் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம். அபிவிருத்திப் பிரதேசம் எண்டு அறிவிச்ச இடத்துக்குள்ள, கொழும்பு மாநகரம் அப்படி ஒரு இடம் தான், எந்த அபிவிருத்தி வேலை செய்றதெண்டாலும் முதல்ல அனுமதிப் பத்திரம் எடுக்கோணும். இதில "அபிவிருத்தி வேலை" எண்ட சொல்லைத் தான் நிறையப் பேர் பிழையா விளங்கி வைச்சிருக்காங்க. புதுசா மாடி எழுப்புறது மட்டும் இல்ல, காணியைத் துண்டு போடுறதும் அது தான், செங்கல் ஒண்டு கூட வைக்காம இருக்கிற வீட்டை டியூஷன் கிளாஸாவோ ஹொஸ்டலாவோ சாப்பாட்டுக் கடையாவோ மாத்தினா அதுவும் அது தான். "நான் ஒண்டும் கட்டேல்லயே, பெயின்ட் அடிச்சு போர்ட் மாட்டினது மட்டும் தானே" எண்டு கேட்கிறவர் இந்த இடத்தில தான் மாட்டுப்படுறார்.

அதிகாரம் யூடிஏட்ட இருந்தா மாநகர சபை ஆள் ஏன் வாறார்? ஏனெண்டா திட்டமிடல் சம்பந்தமான தன்ட அதிகாரங்களை அந்தந்த உள்ளூராட்சி சபை உத்தியோகத்தருக்குக் கையளிக்க யூடிஏக்கு அந்தச் சட்டமே இடம் குடுக்குது. வங்கி முகாமையாளர் லீவு போகேக்க சாவியை உதவி முகாமையாளரிட்ட குடுத்திட்டுப் போற மாதிரி. லொக்கர் வங்கியிடது தான், அண்டைக்குத் திறக்கிற கை மட்டும் வேற. இதோட 1915ஆம் ஆண்டுக் காலத்து வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் ஒண்டும் இண்டைக்கு வரைக்கும் உயிரோட இருக்கு. பிளான் எழுத்தில பாஸ் ஆகாம கட்டடம் எழுப்பக் கூடாது எண்ட விஷயம் அதிலயே வந்திட்டுது. 1914ல தான் கொழும்புக்குள்ள பிளேக் வந்தது, அதுக்கு அடுத்த வருஷம் இந்தச் சட்டம். வீட்டுக்குப் பின்னால வெறும் இடம் விடு, காத்தும் வெளிச்சமும் வர விடு எண்டு சபை நிண்டு பிடிக்கிறதை வெறும் கரைச்சல் எண்டு நினைக்கிறவங்க இந்த ரெண்டு வருஷத்தையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பார்க்கலாம்.

சரி, எது அனுமதி இல்ல? உறுதி அனுமதி இல்ல, உறுதி சொல்றது காணி யாருடையது எண்டதை மட்டும். சோலைவரி ரசீதும் அனுமதி இல்ல. "இருபது வருஷமா சோலைவரி கட்டுறம், அப்ப எப்பிடி இது சட்டவிரோதம்" எண்டு கேட்காத ஆள் கொழும்பில இல்ல. வரி வாங்குறவர் நிக்கிற கட்டடத்துக்கு மதிப்புப் போட்டு வரி வாங்குறார், அது பாஸ் ஆனதா இல்லையா எண்டு அவர் சொல்லேல்ல. லைட் பில்லும் தண்ணி பில்லும் கூட அப்படித் தான்.

இவ்வளவும் சுருக்கமா: காணி உங்கடது எண்டதும் வரி கட்டுறதும் ஒரு பக்கம், கட்டுறதுக்கும் பாவனையை மாத்துறதுக்கும் அனுமதி எண்டது இன்னொரு பக்கம். ஒபிசர் வந்து கேட்கிறது ரெண்டாவதை.

சித்தப்பாட குசினி

கொட்டாஞ்சேனையில சித்தப்பாக்கு 6 பேர்ச்சுக்குக் கொஞ்சம் கூடின ஒரு காணி. பிளான் பாஸ் பண்ணி, சீஓசீ எடுத்துக் கட்டின வீடு. சீஓசீ எண்டது கட்டி முடிச்ச கட்டடம் பாஸ் பண்ணின பிளான் மாதிரியே இருக்கு, இனிக் குடியிருக்கலாம் எண்டு சபை தாற சான்றிதழ். எல்லாம் சரியாத் தான் இருந்தது, மகளுக்குக் கலியாணம் பேசி வீட்டில ஆள் கூடினதும் குசினியில இடம் போதாமப் போச்சு, பின்னால கூட்டிக் கட்ட நினைச்சார். மேசன் பாஸ் சொன்னாராம், "வெசாக் லீவுக்குள்ள சுவரை எழுப்பி மேல ஸ்லேப்பும் போட்டிடலாம் சேர், லீவு முடிஞ்சு அவங்க வாறதுக்கிடையில பூசியும் முடிஞ்சிடும், பூசினாப் பிறகு ஒண்டும் செய்ய ஏலாது" எண்டு. கொழும்பில பாதிக் குசினி வெசாக்குக்கும் புதுவருஷத்துக்கும் நடுவில தான் வளருது எண்டு எனக்கு ஒரு சந்தேகம்.

ஒபிசர் வந்த அண்டைக்கு நானும் அங்க நிண்டன். சத்தம் போடேல்ல, அதட்டேல்ல. "பிளான் இருக்கா மஹத்தயா" எண்டு கேட்டார். சித்தப்பா அலுமாரிக்குள்ள இருந்து சுருட்டி வைச்ச நீலப் பிளானை எடுத்துக் கொண்டு வந்தார், பத்துப் பன்னிரண்டு வருஷம் சுருண்டு கிடந்தது விரிச்சா திரும்பத் திரும்பச் சுருளுது, கடைசியா நாலு மூலையிலயும் உப்புப் போத்தல், அச்சாறுப் போத்தல், சித்தப்பாட கண்ணாடிக் கூடு, ரிமோட் எண்டு வைச்சுச் சாப்பாட்டு மேசையில விரிச்சாங்க. ஒபிசர் விரலால ஒரு இடத்தைத் தொட்டார். வீட்டுப் பின்சுவருக்கும் பின் மதிலுக்கும் இடையில 2.3 மீட்டர், எங்கட ஆக்கள் ஏழரை அடி எண்டு சொல்ற இடம், வெறும் இடமாக் கீறி இருந்தது. சின்ன வீட்டுக்குப் பின்னால குறைஞ்சது விடவேண்டிய அளவு அது. பிறகு பின்னால போய் டேப்பை இழுத்தார், மற்ற நுனியைப் பிடிச்சது சித்தப்பாவே தான். நாலு அடிக்கும் கொஞ்சம் குறைவு. அவர் அதைக் கொப்பியில எழுதினார், போனில நாலஞ்சு படம் எடுத்தார், சித்தி கொண்டு வந்த தேத்தண்ணியை வேண்டாம் எண்டார், போயிட்டார். மொத்தம் இருபது நிமிஷம் கூட இல்ல.

எனக்கு அண்டைக்குத் தான் விளங்கினது, இந்த வேலையில முக்கால்வாசி இது தான் எண்டு. அளக்கிறது, படம் எடுக்கிறது, எழுதுறது. அந்தக் கொப்பி பிறகு நோட்டீசாகும், நோட்டீஸ் தேவைப்பட்டா நீதிமன்றத்தில சத்தியக் கடதாசியாகும். அங்க நிக்கப் போறது அந்த அளவு தான், அதால அண்டைக்கு அவர் என்ன சொன்னார், முகம் கோவமா இருந்ததா எண்டதெல்லாம் கணக்கில வராது.

ஏழு நாள்

அடுத்தது நோட்டீஸ். யூடிஏ சட்டத்தில 28ஏ எண்டு ஒரு பிரிவு இருக்கு, கட்டுறவர் எல்லாரும் தெரிஞ்சு வைச்சிருக்க வேண்டியது. அனுமதி இல்லாம, இல்லாட்டி அனுமதிக்கு மாறா வேலை நடந்தா, ஏழு நாளுக்குக் குறையாத தவணை குடுத்து எழுத்தில நோட்டீஸ் அனுப்பலாம் எண்டு அது சொல்லுது. நோட்டீஸ் கேட்கக் கூடியது இது தான்: வேலையை நிப்பாட்டு, இல்லாட்டி இடத்தைப் பழையபடி ஆக்கு, இல்லாட்டி பாஸ் பண்ணின பிளானுக்கு ஏத்த மாதிரி மாத்து.

நோட்டீஸ் எண்டது தண்டனை இல்ல. பள்ளிக்கூடத்தில கிளாஸ் மொனிட்டர் கதைக்கிற ஆக்களிட பேரைக் கரும்பலகையில எழுதுவார் தானே, சேர் வாறதுக்கிடையில வாயை மூடினா பேரை அழிச்சும் விடுவார். அடி போடுறது மொனிட்டர் இல்ல. நோட்டீஸ் அந்தக் கரும்பலகைப் பேர் மாதிரி. அதைப் பார்த்திட்டு மேசை லாச்சிக்குள்ள போட்டுப் பூட்டுறவங்க தான் கடைசியாப் பெரிய கரைச்சல்ல மாட்டுறாங்க. ஏழு நாள் முடியும் முதல் ஒபிசுக்குப் போனா கதைக்கலாம், கால அவகாசம் கேட்கலாம், கூட்டித் தரவும் சட்டத்தில இடம் இருக்கு. கதைக்கிறதுக்கு இதை விட நல்ல இடம் பிறகு ஒரு கட்டத்திலயும் கிடைக்காது.

இன்னொண்டு. நோட்டீஸ் சிங்களத்தில மட்டும் வந்தா என்ன எழுதியிருக்கு எண்டு பக்கத்துக் கடைக்காரரைக் கேட்டு ஊகிச்சுக் கொண்டிருக்கத் தேவையில்ல. தமிழும் அரச கரும மொழி, அரச நிறுவனத்தோட தமிழ்ல எழுதவும் பதில் வாங்கவும் அரசியலமைப்பிலயே உரிமை இருக்கு. கேட்டு வாங்குங்க. வெக்கப்பட ஒண்டும் இல்ல.

அப்ப உடைக்கிறது யார்

நோட்டீசைக் கணக்கெடுக்கேல்ல எண்டா சபை நீதவான் நீதிமன்றத்துக்கு மனுவும் சத்தியக் கடதாசியும் போடும். கொழும்பு ஆக்களுக்கு அது அனேகமா புதுக்கடை. நீதவான் உங்களுக்கு அறிவித்தல் அனுப்பிக் கூப்பிடுவார், கேட்பார், திருப்தி எண்டா உடைக்கவோ மாத்தவோ சபைக்கு அதிகாரம் குடுத்துக் கட்டளை போடுவார். அந்தக் கட்டளை வந்தாப் பிறகு பொலிஸ் உதவி செய்யோணும் எண்டும் அதே பிரிவில இருக்கு, டிவியில பெக்கோ மெஷினோட பொலிஸும் நிக்கிறது அதால தான். இந்தப் பிரிவின்ட வழியில போனா ஒபிசர் தன்ட விருப்பத்துக்கு ஒரு செங்கலைக் கழட்டவும் ஏலாது. "நாளைக்கே உடைப்பன்" எண்டு யாராவது வாயால மிரட்டினா, எந்தக் கட்டளை, எந்த நீதிமன்றம், என்ன திகதி எண்டு மரியாதையாக் கேட்கலாம்.

நீதிமன்றம் எண்டதும் எல்லாரும் நினைக்கிறது அங்க போய்க் குடும்பக் கஷ்டம், பிள்ளைட கலியாணம், அம்மாட வருத்தம் எல்லாம் சொல்லலாம் எண்டு. அங்க இருக்கிற பிரதான கேள்வி சின்னக் கேள்வி: அனுமதி இருந்ததா, நோட்டீஸ் போனதா, நோட்டீஸ்படி செஞ்சீங்களா. இதுக்கு உங்களிட்டப் பேப்பர் இல்ல எண்டா மிச்சக் கதைக்கு அங்க இடம் குறைவு. ஆனா "நானே சரி பண்ணித் தாறன்" எண்டு பொறுப்பெடுத்தா, நீதவானுக்குச் சரி எண்டு பட்டா, கட்டளையை அதிகபட்சம் ரெண்டு மாசம் தள்ளி வைக்கலாம்.

சுருக்கமா: ஒபிசர் அளக்கிறார், சபை நோட்டீஸ் அனுப்புது, நீதவான் கட்டளை போடுறார், பொலிஸ் உதவி செய்யுது. நாலும் நாலு கை.

"பூசினா ஒண்டும் செய்ய ஏலாது"

மேசன் பாஸ் சொன்ன அந்தக் கதைக்கு வாறன், ஏனெண்டா இந்த விஷயத்தில இருக்கிறதிலயே விலை கூடின பொய் அது தான். 28ஏ பிரிவில நாலு சொல் வரிசையா வருது: தொடங்கினா, தொடர்ந்தா, நிப்பாட்டித் திரும்பத் தொடங்கினா, முடிச்சா. நாலாவது சொல்லை மேசன் பாஸ் வாசிக்கேல்ல. முடிச்ச கட்டடத்துக்கும் நோட்டீஸ் வரும். பூச்சும் ஸ்லேப்பும் டைல்ஸும் உடைக்கேக்க நட்டத்தைக் கூட்டும், அவ்வளவு தான்.

இதோட சேர்ந்து லண்டன்ல இருந்து லீவுக்கு வாற மாமாமார் ஒரு கதை கொண்டு வருவாங்க, "நாலு வருஷம் தாண்டினா ஒண்டும் செய்ய ஏலாது" எண்டு. அது அவங்கட ஊர்ச் சட்டம். இங்கிலாந்தில அனுமதி இல்லாத கட்டடத்துக்கு நாலு வருஷம் எண்ட எல்லை உண்மையாவே இருந்தது, 2024 ஏப்ரல் 25ல இருந்து அதையும் பத்து வருஷமாக்கிட்டாங்க. எங்கட 28ஏயில அப்படி வருஷக் கணக்கு ஒண்டும் எழுதேல்ல. ஈஸ்ட்ஹாமில சரியா இருந்தது கொட்டாஞ்சேனையிலயும் சரியா இருக்கோணும் எண்டு இல்ல.

மூண்டாவது கதை, "சம்திங் குடுத்தா முடிஞ்சிடும்". இது நடக்குறதே இல்ல எண்டு சொன்னா நீங்க சிரிப்பீங்க. லஞ்சம் வாங்குறது மட்டும் இல்ல குடுக்கிறதும் குற்றம், யாராவது கேட்டா லஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு 1954க்கு அடிச்சுச் சொல்லலாம். அதை விடுங்க, வெறும் கணக்காப் பார்த்தாலும் நட்டம். காசுக்கு வாங்கக் கூடியது ஒரு ஆளிட மௌனத்தை, அனுமதிப் பத்திரத்தை இல்ல. அவர் மாறிப் போவார், புது ஆள் வருவார், டேப் அதே நாலடி தான் காட்டும்.

பிறகு அனுமதி எடுக்க ஏலாதா

சில நேரம் ஏலும். அதைத் தான் கவரிங் அப்ரூவல் எண்டு சொல்றது, அதாவது கேட்காம கட்டினதுக்குப் பின்னால கேட்டு எடுக்கிற அனுமதி. கூடக் காசு கட்டோணும், அது பெரிய விஷயம் இல்ல. பெரிய விஷயம் என்னெண்டா, கட்டின கட்டடம் ஒழுங்குவிதிக்குள்ள அடங்கோணும். முன்னுக்கே கேட்டிருந்தா தந்திருப்பாங்க எண்ட கட்டடத்துக்குத் தான் இது சரிவரும். 1986ல வந்த ஒழுங்குவிதிகளுக்குப் பதிலா 2021 ஜூலையில புது ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில வந்திருக்கு, அளவு, உயரம், பின் இடம், வாகனத் தரிப்பிடம் எல்லாம் அதில தான் பார்க்கோணும். சித்தப்பாட குசினிக்கு அது சரிவரேல்ல, 2.3 மீட்டருக்குப் பதிலா நாலடி எண்டது காசால மூடுற ஓட்டை இல்ல. அவர் நீதிமன்றம் வரைக்கும் போகேல்ல, அதே மேசன் பாஸைக் கூப்பிட்டு அதே ஸ்லேப்பை உடைப்பிச்சார். கட்ட வாங்கினதை விட உடைக்கக் கூட வாங்கினார் எண்டு சித்தப்பா இண்டைக்கும் சொல்லுவார்.

ஒபிசரிட வேலை இல்லாதது

மதில் அரை அடி உள்ளுக்கு வந்திட்டுது எண்ட எல்லைச் சண்டை இவரிட வேலை இல்ல, அது சேவையரும் சிவில் கோர்ட்டும். நுளம்பு, தேங்கின தண்ணி, கடைச் சாப்பாடு எல்லாம் பீஎச்ஐ எண்ட பொதுச் சுகாதாரப் பரிசோதகர். அரச காணியில ஆள் குடியிருந்தா அதுக்கு 1979ஆம் ஆண்டுச் சட்டம் ஒண்டு தனியா இருக்கு, அதில வாறது வெளியேறச் சொல்ற நோட்டீஸ், கட்டட நோட்டீஸ் இல்ல. செய்தியில இது எல்லாத்தையும் ஒரே வாளிக்குள்ள போட்டு "சட்டவிரோதக் கட்டடம்" எண்டு சொல்றதால தான் சனத்துக்குக் குழப்பம். வெள்ளவத்தை தாண்டித் தெஹிவளைப் பக்கம் போனா அது வேற மாநகர சபை, அங்கத்தைய முறைப்பாட்டைக் கறுவாத்தோட்டத்தில இருக்கிற வெள்ளை டவுன் ஹோலுக்குக் கொண்டு போனா திருப்பி அனுப்பிடுவாங்க.

சில இடத்தில இவரிட அனுமதி மட்டும் காணாது எண்டதும் இருக்கு. மரைன் டிரைவ் மாதிரிக் கடற்கரைப் பக்கம் எண்டா 300 மீட்டர் வரைக்கும் கரையோர வலயம், கரையோரம் பேணல் திணைக்களத்தையும் கேட்கோணும். தாழ் நிலத்தை நிரப்புறதெண்டா காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம். 2016 மே மாசம் களனி கங்கை பெருகிக் கொலன்னாவைப் பக்கம் கூரை மட்டத்துக்குத் தண்ணி ஏறினதைப் பார்த்தவங்களுக்கு, தண்ணி நிக்க வேண்டிய இடத்தை ஏன் மண்ணால மூடக் கூடாது எண்டு ஒபிசர் வந்து விளங்கப்படுத்தத் தேவையில்ல.

பிளட்டில இருக்கிற ஆக்களுக்கு

எங்கட சனத்தில நிறையப் பேர் இப்ப பிளட்டில தானே. "இது எங்கட வீடு, பல்கனியை மூடி ஒரு ரூமாக்கினா யாருக்கு என்ன" எண்டு கேட்பாங்க. பல்கனியும் பிளான்ல கீறின ஒரு துண்டு, அதை அடைச்சு அறையாக்கிறதும் மாத்தம் தான். மொட்டை மாடி இன்னும் மோசம், அது பொதுச் சொத்து, மேல் மாடிக்காரர் அமானோ ஷீட் போட்டு உடுப்புக் காயப்போடுற இடமாக்கினா கீழ் மாடிக்காரர் எல்லாருக்கும் அதில கேள்வி கேட்க உரிமை இருக்கு. 2017 மே மாசம் சவோய் தியேட்டர் பக்கம் ஒரு கட்டடம் சரிஞ்சு விழுந்ததுக்குப் பிறகு கொஞ்ச நாள் வெள்ளவத்தையில எல்லாரும் தங்கட தங்கட கட்டடத்தை மேல பார்த்துக் கொண்டு திரிஞ்சாங்க, பிறகு மறந்திட்டாங்க.

வாங்கப் போற ஆக்கள் உறுதியை மட்டும் லோயரிட்டக் குடுத்துப் பார்க்காம பாஸ் பண்ணின பிளானையும் சீஓசீயையும் சேர்த்துக் கேளுங்க. பிளான்ல ஐஞ்சு மாடி எண்டு இருந்து நீங்க வாங்கப் போறது ஆறாவது மாடி எண்டா அந்த இடத்திலயே தெரிஞ்சிடும். விக்கிறவர் "இருக்கு, பிறகு தாறன்" எண்டு இழுத்தா, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் சட்டத்தின்படி சபையிட்டயே எழுதிக் கேட்கலாம். சபைக்கு எழுதேக்க அசெஸ்மென்ட் நம்பரை, அதாவது வீட்டிட சோலைவரி இலக்கத்தை, மறக்காமப் போடுங்க, பைலைத் தேடுறது அதை வைச்சுத் தான்.